கம்பியில் பழுதில்லை

கனகேஸ்வரி டிரங்க் கால் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபது வயதுதான். எழுபதுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூரில் இருப்பவர் அலோர் ஸ்டாரில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் நேராகப் பேசிவிட முடியாது. கோலாலம்பூர் ஆபரேட்டர் ஈப்போவைக் கூப்பிட வேண்டும். ஈப்போ பினாங்கைக் கூப்பிடும். பினாங்கு அலோர் ஸ்டாரைப் பிடித்துக் கொடுக்கும். நடுவில் பேச்சு அறுந்துபோனால், எங்கே அறுந்தது என்று தேடுவதும் ஆபரேட்டரின் வேலைதான். கனகேஸ்வரி முதலில் ஈப்போவைக் கேட்பாள். ஈப்போ குரல் கொடுத்தால் அதுவரை கம்பிக்குக் குறையில்லை. அப்புறம் பினாங்கு. பினாங்கு மௌனமாக இருந்தால் பழுது அந்த இடைவெளியில். இப்படி ஒவ்வொரு ஊராகத் தட்டிக்கொண்டே போய் அறுந்த இடத்தைச் சொல்லிவிடுவாள். அவள் குரல் ஏறாது, இறங்காது. காத்திருக்கிறவர் எவ்வளவு சத்தம் போட்டாலும் ஒரே மாதிரி பேசுவாள்.

அவள் பிறந்து வளர்ந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில். யாழ்ப்பாணத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அப்பா ரயில்வே கிளார்க். கட்டிக்கொண்டவரும் ரயில்வேதான். விநாயகமூர்த்தி ரயில் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருந்தார். எந்த ரயில் எந்த நிலையத்தைத் தாண்டியது என்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டுப் பெரிய தாளில் கோடு இழுக்கிற வேலை. வீட்டில் அதிகம் பேச மாட்டார். பேசினால் குரல் கணீரென்று இருக்கும். ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலில் அவர் தேவாரம் பாடினால் மண்டபத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரே பிள்ளை, சுகந்தினி. கலியாணமாகிச் சில வருடம் ஏங்க வைத்துவிட்டுப் பிறந்தவள். அவள் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது அப்பாவுக்குச் சம்மதமில்லை. இங்கேயே படிக்கலாமே என்று ஒருமுறை சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. சம்மதமில்லாமலேயே எல்லாக் காகிதங்களிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

காலம் மாறிக்கொண்டே வந்தது. எல்லாரும் நேராக எண்ணைச் சுழற்றியே எந்த ஊரோடும் பேசலாம் என்று ஆனபோது ஆபரேட்டர்கள் குறைந்தார்கள். கனகேஸ்வரி அலுவலகத்திலேயே கணினி கற்றுக்கொண்டாள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, சுபாங் ஜெயாவில் புதிதாகத் தொடங்கியிருந்த ஓர் இணையச் சேவைக் கம்பெனியில் சேர்ந்தாள். தொல்லை என்று கூப்பிடும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் பிரிவு. காலையில் கோலாலம்பூர் நிலையத்தில் கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் ஏறினால் சுபாங் ஜெயாவில் இறங்கி நடந்து போய்விடலாம்.

அந்த வேலையில் அவளுக்கு உடனே பிடித்துப்போனது ட்ரேஸ்ரூட் என்ற கருவி. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போகிற செய்தி எந்தெந்த நிலையங்கள் வழியாகப் போகிறது என்று அது காட்டும். அது செய்வது இவ்வளவுதான். முதல் செய்திக்கு ஒரே ஒரு நிலையம் வரைதான் ஆயுள் கொடுத்து அனுப்பும். அந்த நிலையத்தில் ஆயுள் முடிந்ததும், ‘இது என்னிடம் வந்து செத்தது’ என்று நிலையம் தன் முகவரியோடு பதில் அனுப்பும். அடுத்த செய்திக்கு இரண்டு நிலைய ஆயுள். அதற்கடுத்ததற்கு மூன்று. இப்படி ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே போய், போய்ச் சேர வேண்டிய கணினியே பதில் சொல்லும்வரை கேட்கும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வரி விழும், பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்ற கணக்கோடு. பதில் வராத இடத்தில் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி விழும். புதிதாகச் சேர்ந்த பட்டதாரிகளுக்குக் கம்பெனி இதை வகுப்பு வைத்து விளக்கியது. கனகேஸ்வரிக்கு அது ஈப்போ, பினாங்கு, அலோர் ஸ்டார்தான். மற்றவர்கள் சொல்லிக்கொடுத்த பல விஷயங்களை அவள் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பிடித்துக்கொண்டாள். இதை மட்டும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மகளுடைய பல்கலைக்கழகக் கணினிக்கும் அவள் தடம் பார்ப்பாள். கோலாலம்பூர், கடலடிக் கம்பி, கலிபோர்னியா, சிகாகோ, அப்புறம் மகள் இருக்கும் ஊர். கடைசி வரியில் பல்கலைக்கழகத்தின் பெயர் விழும்போது மகளுடைய அறைக் கதவைத் தொட்டுவிட்டு வந்தது போலிருக்கும். சுகந்தினி வாரத்தில் நாலைந்து மின்மடல் போடுவாள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவாள். கனகேஸ்வரி அதை அச்செடுத்துக்கொண்டு போய் மாலையில் கணவருக்குப் படித்துக் காட்டுவாள்.

தொண்ணூற்றேழாம் வருடம் பிப்ரவரியில் விநாயகமூர்த்தி குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று. வலது கால் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறியது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு சொற்கள் திரும்பின, குரல் திரும்பவில்லை. மகளுக்குத் தேர்வு நெருங்கியிருந்தது. தெரிந்தால் அத்தனையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். தேர்வு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று கனகேஸ்வரி முடிவு செய்தாள். தேர்வு முடிந்தது. விடுமுறையில் சுகந்தினிக்கு அங்கேயே ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. நல்ல வாய்ப்பு, கெடுக்க வேண்டாம் என்று மறுபடி தள்ளிப்போட்டாள். அப்புறம், இத்தனை மாதம் சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்று ஆகிவிட்டது.

விநாயகமூர்த்தியும் அதற்கு ஒத்துழைத்தார் என்றுதான் அவள் நினைத்தாள். மகள் தொலைபேசியில் கூப்பிட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்தக் குழறல் அவள் காதில் விழ அவருக்கு மனமில்லை. அப்பா குளிக்கிறார், அப்பா கோயிலுக்குப் போயிருக்கிறார், அப்பா தூங்குகிறார் என்று கனகேஸ்வரி சொல்லிச் சமாளித்தாள்.

பகலில் அவரைப் பார்த்துக்கொண்டது அவருடைய தங்கை பூரணம். கலியாணம் செய்துகொள்ளாதவள், ஓய்வு பெற்ற ஆசிரியை, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். யாழ்ப்பாணத்து வழக்கம் விடாமல் அண்ணன் மனைவியை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். மற்றப்படி பேச்செல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸ் பேச்சுதான். பிள்ளைக்குச் சொல்லாமலிருப்பது சரியில்லை என்று அவள் தொடக்கத்திலேயே சொன்னாள். கனகேஸ்வரி கேட்கவில்லை. யாரும் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

செப்டம்பரில் கடலுக்கு அக்கரையில் எரிந்த காடுகளின் புகை வந்து ஊரை மூடியது. எதிர்த்த வீட்டுக் கூரை தெரியவில்லை. ரயிலில் எல்லாரும் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூரணம் அண்ணன் அறையின் சன்னல்களை அடைத்து இடுக்கில் ஈரத்துணி வைத்தாள். அந்த வாரத்தில்தான் சுகந்தினியிடமிருந்து சின்ன மடல் ஒன்று வந்தது. வழக்கமாக எழுதுகிற சாப்பாட்டுக் கதை, வகுப்புக் கதை எதுவும் இல்லை. அப்பா எப்படி இருக்கிறார், உள்ளதைச் சொல்லுங்கள் என்று மட்டும் இருந்தது.

கனகேஸ்வரி அன்று வேலை மும்முரத்தில் இருந்தாள். தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. வழக்கம் போலவே ஒரு பதிலைத் தட்டி அனுப்பினாள். அப்பா நன்றாக இருக்கிறார், தினமும் சாயங்காலம் கோயிலுக்கு நடந்து போய் வருகிறார், நீ கவலைப்படாமல் படி.

அதற்குப் பதில் வரவில்லை.

அடுத்த வாரம் கம்பெனியின் வெளிநாட்டுத் தொடர்பு நிஜமாகவே அறுந்தது. எந்த அமெரிக்க முகவரிக்குத் தடம் பார்த்தாலும், கோலாலம்பூரைத் தாண்டிய உடனே நட்சத்திரம் தொடங்கிக் கடைசிவரை நட்சத்திரமாகவே போயிற்று. கனகேஸ்வரிக்கு மனசு லேசானது. மகள் பதில் போட்டிருப்பாள், கம்பிதான் அறுந்து கிடக்கிறது. மாலையில் கணவர் கட்டிலில் சாய்ந்தபடி, மகளிடமிருந்து மடல் வந்ததா என்று கண்ணாலேயே கேட்டார். கடலுக்கு முன்னாலேயே அறுந்து கிடக்கிறது, ஆள் போய்ப் பார்க்கிறார்கள் என்று சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். ரயில் தண்டவாளத்தில் மரம் விழுந்த சேதியைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார்.

சில நாளில் தொடர்பு சரியானது. தேங்கிக் கிடந்த மடல்களெல்லாம் கொட்டின. வாடிக்கையாளர்கள் ஓய்ந்தார்கள். சுகந்தினியிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. கனகேஸ்வரி பல்கலைக்கழகத்துக்குத் தடம் பார்த்தாள். கோலாலம்பூர் பதில் சொன்னது, கலிபோர்னியா சொன்னது, சிகாகோவில் ஒரு வரி மட்டும் மூன்று நட்சத்திரம். அதற்குக் கீழே உள்ள நிலையங்களும் பல்கலைக்கழகமும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தன.

இதற்கு என்ன பொருள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சில நிலையங்கள் வந்த செய்தியைக் கடத்திவிடும். ஆனால் நீ யார் என்று கேட்டால் பதில் சொல்லாது. அப்படித்தான் அவற்றை அமைத்திருப்பார்கள். அதற்குப் பின்னால் உள்ளவை பதில் சொல்கிற வரைக்கும் பாதைக்குக் குறையில்லை. இதைத் தினமும் யாராவது ஒருவருக்கு அவள் தொலைபேசியில் விளக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று மாலை கணவர் கேட்டபோது அவள் வாயில் வந்தது வேறு. இப்போது சிகாகோவில் தடங்கல் என்றாள்.

அன்றிலிருந்து அவர் தினமும் ஒரே சொல்லில் கேட்டார்.

“சிகாகோ?”

இன்னும் இல்லை என்பாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவள் சொன்னாள். மெள்ள மெள்ள அவளே அதை நம்பத் தொடங்கினாள். காலையில் வேலைக்குப் போனதும் முதல் காரியமாகத் தடம் பார்ப்பாள். அந்த நட்சத்திர வரியைக் கண்டதும் நிம்மதி மாதிரி ஒன்று வரும். ஒருவேளை அந்த நிலையம்தான் மடல்களை விழுங்குகிறதோ என்று நினைத்துக்கொள்வாள். மடல் போடுவதை அவள் நிறுத்தவில்லை. அப்பா சுகம், நாங்கள் சுகம், ஏன் எழுதவில்லை?

கிள்ளானில் அப்துல் ஜலீல் என்றொரு வாடிக்கையாளர் இருந்தார். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் காகித வேலை செய்பவர். ஒருநாள் அவர் ட்ரேஸ்ரூட் அச்சுத்தாளை ஃபேக்ஸில் அனுப்பி, நடுவிலே ஒரு நட்சத்திர வரியை வட்டமிட்டு, இங்கேதான் பழுது, உங்கள் ஆட்கள் சரிசெய்யட்டும் என்று எழுதியிருந்தார். துபாயில் உள்ள மருமகன் மடலுக்குப் பதில் போடுவதில்லையாம். கனகேஸ்வரி அவரைக் கூப்பிட்டாள். வட்டம் போட்ட வரிக்குக் கீழே பாருங்கள், மற்ற நிலையங்கள் பதில் சொல்லியிருக்கின்றன, அப்படியானால் வழி திறந்துதான் இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னாள். ஜலீல் விடவில்லை.

“அப்ப ஏன் மா பதில் வரல?”

“அங்கிள், இந்த டூல் வழியத்தான் காட்டும். அந்தப் பக்கம் ஆள் படிச்சாரா, பதில் போட மனசு இருக்கான்னு இதுல தெரியாது. முதல்ல நம்ம பக்கம் பாப்போம் லா. நீங்க என்ன அனுப்பினீங்க, சரியாப் போச்சான்னு.”

பார்த்தபோது பழுது அவர் பக்கம்தான் இருந்தது. முகவரியில் ஓர் எழுத்து தவறு. மடல்கள் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தன. ஜலீல் சிரித்தார், நன்றி சொன்னார், வைத்துவிட்டார். கனகேஸ்வரி ரிசீவரை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருந்தது.

ஃபிங்கர் என்று இன்னொரு கருவி உண்டு. ஒரு கணினியிடம் இன்ன ஆள் எப்போது உள்ளே வந்தார் என்று கேட்டால் அது சொல்லும். மடல் பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்து படித்தார் என்பதையும் சொல்லும். அந்தப் பல்கலைக்கழகக் கணினி அப்படிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை நாளாக அதை அவள் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மகளுடைய பெயரைத் தட்டினாள். கொஞ்ச நேரம் திரை சும்மா இருந்தது. பிறகு பதில் வந்தது. சுகந்தினி நேற்று உள்ளே வந்திருக்கிறாள். மடல் பெட்டியைத் திறந்திருக்கிறாள். படிக்காத மடல் ஒன்றும் இல்லை.

கனகேஸ்வரி எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். மேலாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு நேரத்தோடு கிளம்பினாள். ரயிலில் சன்னலுக்கு வெளியே புகை கொஞ்சம் விலகி, கம்பங்களும் கம்பிகளும் தெரிந்தன. அவள் பார்க்கவில்லை. பிள்ளை உயிரோடு நலமாக இருக்கிறாள் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். நான் எழுதிய எல்லாவற்றையும் படித்துவிட்டு வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாள் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் கனத்தது.

வீட்டில் பூரணம் சமையலறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கனகேஸ்வரி செருப்பைக் கழற்றாமலே போய் அவள் முன்னால் நின்றாள். சுகந்தினி நம் மடல்களையெல்லாம் படிக்கிறாள், பதில்தான் போடவில்லை என்றாள். பூரணம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மச்சாள், அவ எனக்கு போன் பண்ணினா. போன மாசம். நேரா கேட்டா, மாமி, அப்பாவுக்கு என்னான்னு. ஒரு தடவைகூட அப்பா போனுக்கு வரமாட்டேங்கறாரே, உயிரோட இருக்காரான்னு கேட்டா. அதுக்கு மேல நான் எப்படி மறைக்கிறது?”

“எல்லாம் சொல்லிட்டியா?”

“எல்லாம். அம்மா வாயாலயே கேட்டுக்கறேன், எனக்குத் தெரியும்னு நீங்க சொல்லாதீங்கன்னா. அதனால நான் சொல்லல.”

கனகேஸ்வரி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உள்ளதைச் சொல்லுங்கள் என்று மகள் எழுதியது இப்போதுதான் அவளுக்கு முழுதாகப் படிக்கக் கிடைத்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள். கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கிறாள். அதற்குத் தான் எழுதிய பதில் வரி விடாமல் நினைவுக்கு வந்தது. ஊரே புகையில் மூச்சுத் திணறிக் கதவடைத்துக் கிடந்ததை உலகச் செய்தியில் காட்டியிருப்பார்கள். அந்தப் புகையில் அப்பா தினமும் கோயிலுக்கு நடந்து போய் வருகிறாராம்.

பூரணத்தின் மேல் கோபப்படலாமா என்று ஒரு நொடி பார்த்தாள். கோபம் வரவில்லை. இத்தனை நாளும் சிகாகோவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு இனி இவளையும் சொல்ல வாயில்லை.

அறையில் விநாயகமூர்த்தி விழித்துக்கொண்டுதான் இருந்தார். மனைவி இந்த நேரத்தில் வீட்டில் இருப்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இன்று அவர் சிகாகோ என்று கேட்கவில்லை. சமையலறைப் பேச்சு அவர் காதில் விழுந்திருக்குமோ என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவருடைய செத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவரே பேசினார். ஒவ்வொரு சொல்லாகத் தள்ளி வெளியே விட்டார்.

“லைன் நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தெரியும்.”

“எப்படிங்க தெரியும்?”

“இத்தனை நாள் எந்த லைனும் அறுந்து கிடக்காது, கனகம். நானும் லைன்ல இருந்தவன்தானே.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னார்.

“பிள்ளைக்கு என்மேல கோவம். போகாதேன்னு சொன்னேன். அப்புறம் போன்லயும் பேசல. அப்பாவுக்கு இன்னும் மனசு ஆறலன்னு நினைச்சிருப்பா. அதான் எழுதல.”

 அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கனகேஸ்வரி தினமும் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரோ பொய் என்று தெரிந்தே அதைக் கேட்டுக்கொண்டு, தன்னால்தான் மகள் விலகிப் போனாள் என்று உள்ளுக்குள்ளே இவ்வளவு காலமும் அழுந்திக் கிடந்திருக்கிறார். சிகாகோ என்று அவர் கேட்டதெல்லாம் மகளுக்குக் கோபம் தணிந்துவிட்டதா என்ற கேள்வி.

“உங்க மேல இல்லங்க,” என்றாள். “என் மேலதான். நீங்க விழுந்ததை நான் அவகிட்ட சொல்லல. அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுக்கிட்டு என்கிட்ட கேட்டா. அப்பவும் நான் பொய் சொன்னேன்.”

 அவர் இடது கையை நகர்த்தி அவள் கைமேல் போட்டார்.

“எழுது. எல்லாத்தையும் எழுது. நான் குளறுறதையும் எழுது.”

மறுநாள் காலை அலுவலகத்துக்குச் சீக்கிரமே போய் எழுதினாள். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பது அவளுக்கு எப்போதும் சிரமம். அன்று அந்தச் சிரமம் தெரியவில்லை. குளியலறையில் விழுந்ததிலிருந்து தொடங்கினாள். ஆஸ்பத்திரியில் மகள் பெயரைச் சொல்ல முயன்று சொல்ல வராமல் அவர் அழுததை எழுதினாள். சிகாகோவில் தடங்கல் என்று தினமும் பொய் சொன்னதையும், அப்பா அதை நம்பாமலே கேட்டுக்கொண்டதையும் எழுதினாள். உன்னை நல்லபடி வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன், உன்னை அப்பாவிடமிருந்து பிரித்துத்தான் வைத்திருந்தேன், என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன், அப்பாவோடு மட்டும் பேசு. அனுப்பிவிட்டுத் தடம் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்தாளா என்றும் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்து வழக்கம் போல வேலையைத் தொடங்கினாள்.

பதில் மடலாக வரவில்லை. அன்று மாலை வீட்டில் தொலைபேசி அடித்தது. பூரணம் எடுத்துக் கனகேஸ்வரியிடம் நீட்டினாள். மகளுடைய குரல் கரகரத்துப் போயிருந்தது. அம்மாவிடம் ஒரு வார்த்தைகூட வேறு பேசாமல், அப்பாவிடம் கொடுங்கள் என்றாள்.

தொலைபேசிக் கம்பி அறைவரைக்கும் எட்டாது. இருவருமாக விநாயகமூர்த்தியைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். அவர் உட்கார்ந்து, ரிசீவரை இடது கையால் காதில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சுகந்தி என்றார். அந்தப் பெயர் சிதைந்துதான் வந்தது. மறுபக்கம் மகள் அழுவது கூடமெங்கும் கேட்டது. அவர் அழவில்லை. அழாதே, அழாதே என்று குழறிக் குழறிச் சொல்லிக்கொண்டே இருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். குளிர் தொடங்கிவிட்டதா என்று கேட்டார். கனகேஸ்வரி சமையலறை வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் அவர் பேசினார். அம்மாவோடு மகள் பேச இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. முதலில் மருந்து, மாத்திரை பற்றி மட்டும் கேட்டாள். பிறகு வகுப்புப் பற்றிச் சொன்னாள்.

டிசம்பர் விடுமுறைக்குச் சுகந்தினி வந்தாள். வந்த அன்று அப்பாவின் கட்டிலோரம் தரையில் பாய் போட்டுப் படுத்தவள், திரும்பிப் போகும்வரை அங்கேதான் படுத்தாள். அவருக்கு முகம் மழித்துவிட்டாள். கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். வாயால் சொல்ல முடியாததை அவர் இடது கையால் கிறுக்கிக் காட்டினால், எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு நாள் அவர் தேவாரம் ஒன்றை முணுமுணுத்தார். ராகம் இல்லை, சொல்லும் பாதிதான். மகள் கூடவே சொன்னாள். அம்மாவும் மகளும் அந்த நாட்களில் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கிளம்பும் முன் ஒரு மாலை, சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவின் பின்னால் வந்து நின்று, இனி எதுவானாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றாள். சொல்கிறேன் என்றாள் கனகேஸ்வரி.

பிப்ரவரியில் விநாயகமூர்த்திக்கு மறுபடி பக்கவாதம் வந்தது. இந்தத் தடவை அவர் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த தொலைபேசியிலேயே கனகேஸ்வரி மகளைக் கூப்பிட்டாள். டாக்டர் என்ன சொன்னார், எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதை டாக்டர் சொன்ன சொல் மாறாமல் சொன்னாள். சுகந்தினி கிடைத்த முதல் விமானத்தில் ஏறினாள். அவள் வானத்தில் இருந்தபோதே அவர் போய்விட்டார். விடியற்காலை. பக்கத்தில் கனகேஸ்வரி இருந்தாள்.

உறவுக்காரர்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். சுபாங் விமான நிலையத்துக்கு யார் போய்ப் பிள்ளையைக் கூட்டி வருவது என்ற பேச்சு வந்தது. யாராவது ஆம்பிளைகள் போகட்டும், அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்லிக் கூட்டி வரட்டும், வீட்டுக்கு வந்து தெரிந்துகொள்ளட்டும், அவ்வளவு தூரம் தனியாக வந்த பிள்ளை விமான நிலையத்திலேயே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பெரியவர் சொன்னார். மற்றவர்களும் அதுதான் சரி என்றார்கள். பூரணம் கனகேஸ்வரியைப் பார்த்தாள். கனகேஸ்வரி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். நான் போகிறேன் என்றாள். இப்படி ஒரு நாளில் நீ வீட்டை விட்டு இறங்கலாமா என்று யாரோ கேட்டபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். பூரணமும் கூடவே காரில் ஏறிக்கொண்டாள்.

சுகந்தினி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டத்தில் அம்மாவைத் தேடி, அம்மா முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். கனகேஸ்வரி ஆட்களை விலக்கிக்கொண்டு அவளிடம் போய் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா போயிட்டாரும்மா. இன்னிக்கு விடியக்காலைல. நான் பக்கத்துல இருந்தேன். ரொம்பச் சிரமப்படல.”

பெட்டி தள்ளுவண்டியோடு நகர்ந்து யார் மேலோ இடித்தது. பூரணம் போய் அதைப் பிடித்தாள். சுகந்தினி அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். வருகிறவர்களும் போகிறவர்களும் அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். கனகேஸ்வரியும் அழுதாள். கணவர் விழுந்த நாளிலிருந்து அவள் மகள் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை.

காரில் வரும்போது சுகந்தினி, அப்பா கடைசியாக எப்போது பேசினார், என்ன சொன்னார் என்று கேட்டாள். கனகேஸ்வரி ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.